சிலை மாதிரி இருந்த பிள்ளை: திருகோணமலையில ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளிக்கூடத்திலயிருந்து வந்த மூண்டாவது கடிதத்த மடிச்சு பேர்ஸுக்குள்ள வச்சுக்கொண்டுதான் அந்த அம்மா என்னட்ட வந்தா. ஜூன் மாசம், கச்சான் காத்து புழுதியக் கிளப்பி அடிக்கிற காலம். உப்புவெளிக்கு அங்கால கரையோரத்திலயிருந்து பஸ்ஸில வந்திருந்தா, கையில ஆறு வயசு மகன், மகன்ட சேட்டுக் கொலர் முழுக்க ஈரம், சப்பிச் சப்பி நூல் நூலாத் தொங்குது. கடிதத்தில இருந்தது இதுதான்: காலைக் கூட்டத்தில நிக்கிறாரில்ல, ஓடுறார், வரிசையில முன்னால நிக்கிற பிள்ளையத் தள்ளுறார், சப்பாத்தக் கழட்டி எறியிறார், எழுதச் சொன்னா மேசைக்குக் கீழ போயிடுறார். கடைசி வரி, "பிள்ளையைக் கட்டுப்படுத்தி அனுப்பவும்."

நான் ஓ.டி., அதாவது தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலையளத் தாங்களாச் செய்யப் பழக்குற சிகிச்சை) செய்யிற ஆள், இந்தத் துறையில கன வருசம். அப்பிடி இருந்தும் இந்தப் பிள்ளையோட முதல் ரெண்டு மாசமும் நானும் அந்தக் கடிதம் கேட்டதத்தான் செஞ்சு குடுத்தன். அது பிழை எண்டு எனக்கு விளங்கப்பண்ணினது அம்மா எழுதி வச்ச ஒரு சீ.ஆர். கொப்பி (மட்டை போட்ட பெரிய கொப்பி). அதுக்காகத்தான் இத எழுதுறன், சாதனைக் கதை எண்டு நினைச்சு வாசிச்சா ஏமாந்துபோவீங்க.

பேர் இல்ல, சரியான ஊர், பள்ளிக்கூடம் இல்ல, ஆள அடையாளம் தெரியக்கூடிய விசயங்கள மாத்தியிருக்கன். எழுதினத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், "சரி மிஸ், போடுங்க, ஆனா நான் அழுதத மட்டும் எழுதாதீங்க" எண்டா. அதால அந்த இடங்கள விட்டிருக்கன். பிள்ளைய சின்னவன் எண்டு வச்சுக்கொள்ளுவம்.

பின்னணி

நிறைமாசப் பிள்ளை, நிறை குறைவில்ல, பதிமூண்டு மாசத்தில நடந்தவர். பேச்சுத்தான் பிந்தினது, ரெண்டரை வயசு வரைக்கும் அம்மா எண்டுகூடச் சொல்லல்ல, ஆனா போனில பாக்கிற வீடியோவில வாற இங்கிலீஷ் எண்கள நூறு வரைக்கும் சொல்லுவார். சொந்தக்காரருக்கு அது பெருமை, மிட்வைஃபுக்கு மட்டும் சந்தேகம். அவதான் கிளினிக்குக்கு அனுப்பினவ. முதல்ல காது சோதிச்சாங்க (இத ஆரும் தாண்டிப்போகாதீங்க, பேச்சுப் பிந்தின எந்தப் பிள்ளைக்கும் காதுதான் முதல்), கேள்வி நல்லம். நாலு வயசில ஓட்டிசம் எண்டு சொன்னாங்க, ஆறு வயசு கிட்ட வரேக்குள்ள ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிக்காம, அடங்காம ஓடித் திரியிற நிலை) இருக்கு எண்டு சொன்னாங்க. ரெண்டும் ஒரு பிள்ளைக்கு எப்பிடி வரும் எண்டு அப்பா கேட்டார், நியாயமான கேள்விதான், 2013இல டி.எஸ்.எம். 5 (அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின்ட நோய் வகைப்படுத்துற புத்தகம்) வாறதுக்கு முன்னால டொக்டர்மாரே ரெண்டையும் ஒரு ஆளுக்கு எழுதக் கூடாது எண்டுதான் விதி இருந்தது.

அம்மம்மா பத்திரகாளி கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டியிருக்கிறா, பார்வையும் பாத்திருக்கிறா. நான் அதுக்கு ஒண்டும் சொல்லுறதில்ல, கிளினிக் தேதிய விடாட்டி எனக்குப் போதும், அம்மம்மாவுக்கு மனசு ஆறினா அந்த வீட்டுக்கே நல்லம். அம்மம்மா சொன்ன இன்னொரு விசயத்தத்தான் நான் குறிச்சு வச்சன்: "இவன்ட தாய்மாமனும் இப்பிடித்தான் பிள்ளை, அவன் கிணத்துக்கட்டில போய்த் தனியக் குந்திக்கொண்டு இருப்பான், நாங்க அடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவம்." அந்த மாமா இப்ப வெளிநாட்டில நல்ல வேலையில இருக்கிறார், அவர் கதைக்குள்ள பிறகு வருவார்.

மருந்தப் பத்தி அப்பா கேட்டார், அது டொக்டர்ட முடிவு, நான் அதுக்குள்ள போறதில்ல. கிளினிக்கில முதல்ல நித்திரையையும் வீட்டு ஒழுங்கையும் பாப்பம் எண்டாங்க, ரத்தம் எடுத்துப் பாத்ததில இரும்புச்சத்து குறைவு, அதுக்கு மருந்து குடுத்தாங்க. இரும்பு குறைஞ்ச பிள்ளையள் ராவில கால உதறிக்கொண்டு சரியா நித்திரை கொள்ளாம இருக்கிறது உண்டு, அது இவருக்கும் இருந்தது.

கொப்பி

பள்ளிக்கூடம் சொல்லுறத விட வீட்டில என்ன நடக்குது எண்டு பாக்கோணும் எண்டு வளவுக்குப் போனன். ரெண்டு அறை வீடு, தகரக் கூரை, கச்சான் காத்துக்கு அந்தத் தகரம் ராவு பகலா அடிச்சுக்கொண்டே இருக்குது. அவங்களுக்குப் பழகிப்போச்சு, கேக்கிறதே இல்ல, எனக்கு அரை மணித்தியாலத்தில தலையிடி. பிள்ளைக்கு அது எப்பவும் கேட்டுக்கொண்டே இருக்குது எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா தகரம் ஒவ்வொரு தரம் அடிக்கேக்குள்ளயும் அவர்ட தோள் கொஞ்சம் மேல போகும்.

அம்மாட்ட ஒரு சீ.ஆர். கொப்பி குடுத்து மூண்டு கோடு போடச் சொன்னன். நடக்கிறதுக்கு முன்னால என்ன, நடந்தது என்ன, நடந்த பிறகு நீங்க என்ன செஞ்சீங்க, பக்கத்தில மணி. அவ்வளவுதான், 'குழப்படி செஞ்சான்' எண்டு எழுதக் கூடாது, கை என்ன செஞ்சது, வாய் என்ன செஞ்சது எண்டு எழுதோணும். இந்த முறை ஒண்டும் புதுசில்ல, எங்கயும் செய்யிறதுதான், ஆனா அந்த அம்மா எழுதின மாதிரி ஆரும் எழுதி நான் பாக்கல்ல. எட்டாம் வகுப்போட நிப்பாட்டினவ. "3.40. பாய்ல இருந்தவன். காதப் பொத்தினான். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல்ல. பிறகுதான் பாண் ஓட்டோ வந்தது."

ரெண்டு கிழமையில 21 தரம் வெடிச்சிருக்கிறார், அதாவது தன்ன அடக்க ஏலாமப் போயிருக்கிறார், அதில 13 பின்னேரம் மூண்டேகாலுக்கும் நாலரைக்கும் இடையில. எல்லாரும் அத 'ஸ்கூலால வந்த களைப்பு' எண்டு விட்டிருந்தாங்க. இலங்கையில இருக்கிறவங்களுக்கு விளக்கத் தேவையில்ல, தெருத் தெருவாப் பாண் விக்க வாற பாண் ஓட்டோ எண்டா அந்தப் பாட்டுத்தான், பீத்தோவன்ட ஃபியூர் எலீஸ், மலிவு ஸ்பீக்கரில, ஒரே துண்டு திரும்பத் திரும்ப. பகிடி என்னெண்டா சின்னவனுக்கு மீன் பணிஸ் உயிர். அந்தப் பாட்டு வந்தா பணிஸ் வரும், பாட்டு வந்தா காதும் வலிக்கும். ஆசையும் நோவும் ஒரே ஓட்டோவில வந்தா ஆறு வயசு என்ன செய்யும், தலையில அடிச்சுக்கொள்ளும்.

எண்டாலும் பாண் ஓட்டோவில மட்டும் பழியப் போட்டிருந்தா பாதி விசயம் தவறியிருக்கும். முன்னால இருந்த நேரங்களையும் நிரப்பச் சொன்னன், அப்பதான் தெரிஞ்சது காலம்பற ஆறரைக்குப் பிறகு பிள்ளை சலம் போறதே இல்ல எண்டு. ஸ்கூல் ரொய்லெட்டுக்குள்ள போகமாட்டார், அதால தண்ணியும் குடிக்கமாட்டார், தண்ணிப் போத்தல் நிறைஞ்சபடி திரும்பி வரும், சாப்பாட்டுப் பெட்டியும் பாதி. ரெண்டு மணிக்கு வீட்ட வந்து நேர போனோட பாயில விழுறவர், மூண்டே முக்கால் வரைக்கும் வயித்திலயும் சலப்பையிலயும் என்ன நடக்குது எண்டே அவருக்கு விளங்காம இருக்கிறார். மயிலிறகு எண்டாலும் அளவுக்கு மிஞ்சி ஏத்தினா வண்டி அச்சு முறியும் எண்டு நம்மட ஆக்கள் சொல்லுறது இதத்தான், கடைசியா ஏத்தின இறகுதான் பாண் பாட்டு.

அம்மா கேட்ட ஒரு கேள்வி

"மிஸ், கடக்கரை மண்ணில உருண்டு புரளுறவனுக்கு சொக்ஸ் போட்டா மட்டும் ஏன் உயிர் போகுது? நடிக்கிறானா?"

நடிப்பில்ல. தானாத் தேடிப் போற தொடுகை வேற, தன்மேல வந்து விழுற தொடுகை வேற. மண்ணில உருளேக்குள்ள உடம்பு முழுக்க ஒரே அழுத்தம், எப்ப நிப்பாட்டுறது எண்டது அவர்ட கையில. சொக்ஸ்ட தையல் விரல் நுனியில ஒரு இடத்தில உரசிக்கொண்டே இருக்கும், கழட்ட விடவும் மாட்டாங்க. சின்ன உரசல்தான் இப்பிடிப் பிள்ளையள் கனபேருக்குக் கஷ்டம், அழுத்திப் பிடிச்சா அடங்குவாங்க. கொலரச் சப்புறதும் அதுதான், தாடைக்கு வேலை குடுத்துத் தன்னத் தானே ஆறுதல்படுத்துறார், அத நிப்பாட்டச் சொல்லி அடிக்கிறது தாகத்தில தண்ணி குடிக்கிறவன்ட கையத் தட்டிவிடுற மாதிரி.

பள்ளிக்கூடத்தில அஞ்சு புலன் எண்டு படிச்சம், நாங்க வேலைக்குப் பாவிக்கிறது எட்டு. உள்காதில இருந்து சமநிலையச் சொல்லுற வெஸ்டிபுலர், தசை மூட்டிலயிருந்து கை கால் எங்க இருக்கு, எவ்வளவு பாரம் எண்டு சொல்லுற புரோப்ரியோசெப்ஷன், பசி, சலம், நெஞ்சிடி மாதிரி உடம்புக்குள்ள நடக்கிறதச் சொல்லுற இன்டரோசெப்ஷன். இந்தப் பாதைய முதல்ல வெட்டினவ ஜீன் ஏயர்ஸ் எண்ட அமெரிக்க ஓ.டி., 1960கள், 70கள்ல. பிறகு 1997இல வின்னி டன் எண்ட இன்னொரு அமெரிக்க ஓ.டி. ஒரு படம் போட்டா, சில பிள்ளைக்குக் கொஞ்சச் சத்தமே கூட, சில பிள்ளைக்குக் கனக்க வேணும், சிலர் விலகிப் போவாங்க, சிலர் தேடிப் போவாங்க எண்டு. சின்னவன் சத்தத்தில விலகுறவர், அழுத்தத்தில தேடுறவர், சலம் பசியில சிக்னலே சரியாக் கிடைக்காதவர். ஒரே பிள்ளை, மூண்டு மாதிரி. வரிசையில முன்னால நிக்கிறவரத் தள்ளுறதும் சண்டைக்கில்ல, பின்னால நிக்கிற பிள்ளைட கை உரசுது, இவர் அழுத்தம் தேடுறார், கிடைச்ச ஆளில சாயுறார்.

இன்னொண்டு, 1943இல லியோ கன்னர் எண்ட வைத்தியர் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளையளப் பத்தி எழுதின முதல் கட்டுரையிலயே சத்தத்துக்கு அந்தப் பிள்ளையள் பயப்பிடுறது இருக்குது. ஓட்டிசத்துக்கான அளவுகோலுக்குள்ள புலன் விசயம் எழுத்தில வந்தது 2013இல. எழுபது வருசம் தாய்மார் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாங்க.

நான் விட்ட பிழை

இவ்வளவும் தெரிஞ்சும் நான் முதல்ல செஞ்சது ஸ்டார் சார்ட். ரீச்சர் நல்லவ, வகுப்பில 38 பிள்ளை, தனிய நிக்கிறா, அவவுக்கு ஏதாவது உடன குடுக்கோணும் எண்டு எனக்கு அவசரம். பத்து நிமிசம் அசையாம இருந்தா ஒரு ஸ்டிக்கர், அஞ்சு ஸ்டிக்கருக்கு ஒரு பிளாஸ்ரிக் மீன். மூண்டாவது கிழமை ரீச்சர் போன் எடுத்தா, "மிஸ், நம்பமாட்டீங்க, பிள்ளை சிலை மாதிரி இருக்கிறார்." அதிபருக்கும் சந்தோசம், நாலாவது கடிதம் வரல்ல. நான் ஃபைலில 'நல்ல முன்னேற்றம்' எண்டு எழுதிக் கையெழுத்து வச்சன்.

அந்த மூண்டு கிழமையும் நான் கொப்பியப் பாக்கல்ல. வேலை கூட, வேற பிள்ளையள், சாட்டு எவ்வளவும் சொல்லலாம். பாக்கப் போன அண்டைக்கு அம்மா ஒண்டும் கதைக்காம கொப்பியத் திறந்து மடியில வச்சா. பின்னேரத்தில ஒரு தரம் வெடிச்சது இப்ப ரெண்டு மூண்டு தரம். கைய ரத்தம் வர கடிச்சிருக்கிறார், அது முந்தி இல்லாத பழக்கம். நித்திரைக்குப் போக பதினொரு மணி. நாலு வயசில நிண்ட பாயில சலம் போறது திரும்ப வந்திருக்கு. நான் எழுதின 'நல்ல முன்னேற்ற'த்துக்கு அந்த வீடு வட்டியோட கட்டியிருக்குது.

அடுத்த நாள் வகுப்புக்குப் போய்ப் பின்னால இருந்து பாத்தன். உண்மைதான், சிலை. ஆனா கை ரெண்டும் கதிரையின்ட விளிம்ப இறுக்கிப் பிடிச்சு விரல் நுனி வெளிறிப் போயிருக்கு, கண் மேல சுத்துற ஃபேனில, ரீச்சர் என்ன சொல்லுறா எண்டு ஒண்டும் உள்ளுக்குப் போகல்ல. பக்கத்துப் பிள்ளை பென்சிலால குத்தினதுக்கும் திரும்பல்ல. இது அமைதியில்ல, ஆமை ஓட்டுக்குள்ள போறது. நாங்க அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கிறம். சொல்லப்போனா ஓடினப்ப அந்தப் பிள்ளை சரியாத்தான் செஞ்சிருக்கிறார், 'எனக்கு ஏலாது' எண்டு காலால சொல்லியிருக்கிறார், நாங்க அந்தக் கதையையும் பறிச்சம்.

அண்டைக்கே சார்ட்டக் கழட்டினம். பிளாஸ்ரிக் மீன் ரெண்டு அவர்ட, அத ஆரும் திருப்பி எடுக்கல்ல.

ரொய்லெட்டும் மணியும் பாணும்

ரெண்டாவது தரம் கீழயிருந்து தொடங்கினம், உடம்பிலயிருந்து. ரொய்லெட்டுக்கு என்ன பிரச்சினை எண்டு கேட்டா அவர் சொல்லமாட்டார், அதால நானே உள்ளுக்குப் போய் நிண்டு பாத்தன். பைப்பத் திறந்தா வெறும் வாளிக்குள்ள தண்ணி விழுற சத்தம் சிமெந்துச் சுவரில மோதி எதிரொலிக்குது, மணம் வேற. முதல் மணிக்கு முன்னால, வரிசை இல்லாத நேரம், வாளிய முதலே நிரப்பி வச்சுப் போட்டு அக்கா ஒராள் (பாடசாலையில துப்புரவு வேலை செய்யிறவ, இந்தக் கதையில கனக்கச் செய்த ஆள் அவதான்) கூட்டிக்கொண்டு போனா. ஒன்பதாவது நாள் தானாப் போனார். அதுக்குப் பிறகு தண்ணிப் போத்தல் காலியா வரத் தொடங்கினது, பின்னேர வெடிப்பில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு அதோடயே குறைஞ்சது, ஒரு சிகிச்சையும் இல்லாம.

காலைக் கூட்டத்துக்கு அவர வரிசையின்ட ஓரத்துக்கு, வேப்பமரத்தடிக்கு மாத்தினம். பின்னால ஆள் இல்ல, உரசல் இல்ல. மணி அடிக்க முதல் ரீச்சர் மணிப் படம் ஒண்டக் காட்டுவா, அவர் காதப் பொத்துவார், மணி அடிக்கும், கைய எடுப்பார். காதப் பொத்துறதத் தடுக்க வேண்டாம் எண்டு தெளிவாச் சொல்லி வச்சன். சப்பாத்துக்குப் பதிலா செருப்புக்கு அதிபர் ஓமெண்டு தலையாட்டினது எனக்கே ஆச்சரியம்.

பாண் ஓட்டோக்காரர் ஒரு நானா (முஸ்லிம் ஆக்கள் அண்ணன இப்பிடித்தான் கூப்பிடுறது). அவரோட சந்தியில நிண்டு கதைச்சன், பிள்ளைக்கு இப்பிடி எண்டு. "அதுக்கென்ன மிஸ், என்ட மகள்ட மகனுக்கும் கதை வரல்ல" எண்டார், வேற ஒண்டும் கேக்கல்ல. முதல் கிழமை ரெண்டு வீடு தள்ளியே பாட்ட நிப்பாட்டி மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு சின்னவன் படலைக்கு வந்து நிண்ட பிறகு கொஞ்சூண்டு சத்தத்தில போட்டார். ஆறாவது கிழமை மட்டில அவரே சின்னவனத் தூக்கி முன் சீற்றில இருத்தி அந்த பட்டன அமத்த விட்டிருக்கிறார், அது என்ட திட்டத்தில இல்ல, ஆனா நான் யோசிச்சிருக்க வேண்டியது. நம்மள நாமே கிச்சுக்கிச்சு மூட்டினா சிரிப்பு வராதே, அந்த மாதிரி, நாமே உண்டாக்குற சத்தத்த மூளை முன்கூட்டியே எதிர்பாத்துக் குறைச்சுத்தான் எடுக்கும். அமத்தினார், நிப்பாட்டினார், அமத்தினார், நிப்பாட்டினார், ரோட்டில இருந்த எல்லாருக்கும் அண்டைக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்.

கயிறு

அழுத்தத் தேடலுக்கு வெளிநாட்டு மாமா பாரமான போர்வை ஒண்டு அனுப்பியிருந்தார், அஞ்சு கிலோ, நல்ல விலை. திருகோணமலை வெக்கையில, தகரக் கூரைக்குக் கீழ. மனசு நோகாமச் சொல்லோணுமே எண்டு கஷ்டமாப் போச்சு. சூட்ட விடுங்க, பாரப் போர்வை, பார ஜாக்கெட் இதுகளுக்கெல்லாம் ஆதாரம் மெலிசு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2012இலயே புலன் சிகிச்சையள் மொத்தமா ஒரு முழுத் திட்டத்தின்ட பகுதியா இருக்கலாம், ஆனா ஆராய்ச்சி போதாது, பலனிருக்கா எண்டு குறிச்சுப் பாருங்க எண்டுதான் சொன்னது. நானும் அந்தத் தொழில் செய்யிறவதான், எண்டாலும் ஒத்துக்கொள்ளுறன். சாமான் விக்கிறவங்க சொல்லுற அளவுக்கு ஒண்டும் இல்ல. அதுக்குப் பதிலா அம்மம்மாட பழைய சீலையில ஏணை கட்டினம், உத்திரம் தாங்குமா எண்டு அப்பா தொங்கிப் பாத்துத்தான். முன்னும் பின்னுமா மெல்ல ஆட்டோணும், சுத்தக் கூடாது, ஒரே தாளத்தில ஆட்டினா அடங்குவார், சுத்தினா அவருக்கு இன்னும் ஏறும்.

ஆனா உண்மையா வேலை செய்தது கரைவலை, கடல்ல விட்டுக் கரையில நிண்டு கயித்தால இழுக்கிற வலை. தாத்தா ஒரு சம்மாட்டிட (வலைச் சொந்தக்காரர்ட) வலையில கயிறு இழுக்கிறவர். காலம்பற வெள்ளனப் பிள்ளைய எழுப்பிக் கொண்டுபோய் கயித்தின்ட வாலில நிப்பாட்டினார், இருவது பேர் ஒரே அசைவில பின்னால சாஞ்சு இழுக்க இவரும் சாயுறார், கால் மண்ணில புதையுது, தோள், முதுகு, கை எல்லாத்துக்கும் பாரம், வாயில தாளம். எந்தக் கிளினிக்கில நான் இதச் செய்து காட்டுறது? வலையின்ட மடி (மீன் சேருற பை) கரைக்கு வரேக்குள்ள மீன் துள்ளுறதப் பாக்கத் தானே காத்துக்கொண்டு நிப்பாராம், காத்திருக்கிறது எண்டது அதுக்கு முன்னால அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒண்டு. இழுத்துப்போட்டு ஸ்கூலுக்குப் போற நாளில முதல் ரெண்டு பாடமும் நல்லம் எண்டு ரீச்சர், அவவுக்கு வலை விசயம் தெரியாமலே, தன்ட கொப்பியில எழுதியிருந்தா.

ஒக்டோபரோட கடல் மாறிச்சு, வாடை தொடங்க வலை ஏறிட்டுது. ரெண்டு கிழமை திரும்ப மோசம். பிறகு அப்பா பழைய டயர் ஒண்டுக்குள்ள மண்ண நிரப்பிக் கயிறு கட்டினார், வளவுக்குள்ள இருவது தரம் இழுக்கிறது, அரை வாளி தண்ணி ரெண்டு வாழைக்கு ஊத்துறது, தேங்காய் திருவேக்குள்ள திருவலையில குந்தி அமத்திப் பிடிக்கிறது. வகுப்பில கொப்பிக் கட்டுத் தூக்கி ஒஃபிசுக்குக் கொண்டுபோறது அவர்ட வேலை.

செவ்வாய்க்கிழமை

கொப்பிய முழுக்க ரெண்டாந் தரம் வாசிக்கேக்குள்ள ஒண்டு கண்ணில பட்டது, செவ்வாய் செவ்வாய் கூட. பாண் எல்லா நாளும் வரும், ஸ்கூல் எல்லா நாளும், செவ்வாயில என்ன? அம்மா கொஞ்ச நேரம் கதைக்கல்ல. பிறகு சொன்னா, குழுக் கடன் (குழுவாச் சேர்ந்து எடுத்த கடன்) கட்டுற நாள். திங்க ராவிலயிருந்து காசு பொறுக்குறது, படலையில மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்கிறது. அவ சத்தம் போடுறதே இல்ல, அடிக்கிறதும் இல்ல, ஆனா பிள்ளை அவட மடியில குந்தினா அவட நெஞ்சிடி அவர்ட முதுகில கேக்கும்தானே.

பிள்ளை தன்னத் தானே அடக்குறது எப்பிடி எண்டு நாங்க கேக்கிறம், அதுக்கு முன்னால இன்னொராள்ட அமைதிய கடன் வாங்கித்தான் பிள்ளையள் பழகுறது. கடன் குடுக்க அந்த ஆளிட்ட இருக்கோணும். கடன்காரருக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. செவ்வாய்ப் பின்னேரம் சின்னவன் தாத்தாவோட கடக்கரைக்குப் போறது எண்டு மட்டும் மாத்தினம், அம்மா ஒரு மணித்தியாலம் தனிய இருக்கிறா.

உணர்ச்சிக்குப் பேர் வைக்கிறதுக்கு ஸ்கூலில நிறப் படம் இருந்தது, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, லியா கைப்பர்ஸ் எண்ட ஓ.டி. 2011இல கொண்டுவந்த முறை, கன இடத்தில நல்லாப் போகுது. சின்னவன் ஒரு நாளில நாலு நிறத்தையும் படிச்சார், கோவப் படத்தக் காட்டினா 'ரெட்' எண்டார், ஆனா தான் வெடிக்கேக்குள்ள ரெட்டும் இல்ல கிரீனும் இல்ல. படத்துக்குப் பதில் சொல்லப் பழகினாரே தவிர தன்ட உடம்ப வாசிக்கல்ல. வழி சொன்னது தாத்தா. காலம்பற எழும்பினா அந்த வீட்டில முதல் கேள்வி "கடல் எப்பிடி?" எண்டதுதான். கடல் தூங்குது, கடல் ஆடுது, கடல் அடிக்குது, மூண்டு போதும் எண்டு எடுத்தம்.

அவர்ட்ட கேக்கல்ல, ரெண்டு மாசம் நாங்க எங்களப் பத்தியே சொன்னம். "அம்மாட கடல் ஆடுது, தண்ணி குடிக்கப் போறன்." தாத்தா வலையால வந்து நெஞ்சில பிள்ளைட கைய வச்சு, "பார், அடிக்குது, இப்ப இருந்தா அடங்கும்." முதல் தரம் அவர் வாயால வந்தது டிசம்பரில, அம்மம்மா பூனையோட கத்திக்கொண்டு நிக்கேக்குள்ள: "அம்மம்மா கடல் அடிக்குது." அம்மம்மாவுக்குக் கோவம், எங்களுக்குச் சிரிப்பு. தன்னப் பத்திச் சொல்ல இன்னும் ஒரு மாசத்துக்கு மேல போச்சு.

நகர்வலம்

சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வாற நாள். போறதா வேண்டாமா எண்டு பெரிய கதை, அம்மம்மாவுக்குப் போயே ஆகோணும். திட்டம் போட்டம்: சொந்தக்காரர் வீட்டு வாசல்ல நிக்கிறது, காதுக்கு மூடி, வயிறு நிறையச் சாப்பாடு, சலம், முன்னால டயர் இழுப்பு, திரும்பிப் போக ஓட்டோ ஒழுங்கையிலயே. வாசல்ல நிறைகுடம், தோரணம், தூரத்தில மேளம். நானும் போயிருந்தன்.

மேளம் கிட்ட வர அவர் தோள் ஏறிச்சு. ஜெனரேற்றர் சத்தமும் சேர்ந்துது. காத மூடியிருந்த மூடிக்கு மேல கைய வச்சார். எனக்கு இனி ஓடப்போறார் எண்டுதான் எண்ணம், எழும்பித் தயாரா நிண்டன். அவர் அம்மாட சீலையப் பிடிச்சு ரெண்டு தரம் இழுத்தார், "சின்னவன் கடல் அடிக்கப் போகுது. ஓட்டோ." அடிக்குது எண்டு சொல்லல்ல, அடிக்கப் போகுது எண்டார்.

சாமி சந்தியத் திரும்ப முன்னால நாங்க ஒழுங்கைக்குள்ள. அம்மம்மாவும் கூட வரவேண்டியதாப் போச்சு, வழி முழுக்க முணுமுணுப்பு, இவ்வளவு தூரம் வந்து கும்பிடாமப் போறமே எண்டு. அம்மா ஒண்டும் சொல்லல்ல, நான் அவ என்ன செய்தா எண்டத எழுதமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருக்கன். கோட்டைப் பக்கத்து மான் நாலு ரோட்டோரம் குப்பை மேஞ்சுகொண்டு நிண்டுது, சின்னவன் அதுகள இங்கிலீஷில எண்ணிக்கொண்டு போனார்.

இப்ப

வெடிப்பு இல்லாமப் போகல்ல. கடைசி ரெண்டு கிழமைக் கொப்பியில 6 தரம். கொலர் இன்னும் ஈரம்தான், அதுக்கு ஒரு ரப்பர் வளையம் குடுத்திருக்கிறம், பாதி நேரம் துலைச்சுப்போடுறார். எழுத்து வகுப்பின்ட நடுவுக்கு வரல்ல, ரெண்டு வரிக்கு மேல எழுத மேசைக்குக் கீழ போறார், ரீச்சர் இப்ப கீழ ஒரு பாய் போட்டிருக்கிறா, கொப்பியக் கீழயே குடுக்கிறா. தரம் ரெண்டில வேற ரீச்சர், அவவோட திரும்ப முதல்லயிருந்து.

அதோட, போன கிழமையிலயிருந்து நானாவுக்குப் பதிலா வேற ஒரு தம்பி பாண் கொண்டு வாறார். ஸ்பீக்கர் பெரிசு. நாளைக்கு மூண்டரைக்கு நான் அந்தச் சந்தியில நிக்கோணும்.